ஒரு தகர டப்பா போதும்

நாவல் எழுதுகிறவன் தூண்டில் முள்ளைப் பற்றிச் சண்டைக்கு வரலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வரலாம். நாவலில் எத்தனையோ பேரை ஆற்றில் தள்ளியிருக்கிறேன், ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. உண்மையான ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது.

என் கட்சி இதுதான்: ஆற்றங்கரையோடு நடந்து போய்த் தூண்டில் போடுகிறவனுக்கு உள்ளங்கை அளவுத் தகர டப்பா ஒன்றுக்கு மேல் சில்லறைச் சாமான் தேவையில்லை. குளத்தங்கரையில் ஒரே இடத்தில் குந்தியிருப்பவர்களையும், படகில் போகிறவர்களையும் நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பீரோவையே கொண்டுபோகட்டும். காலால் நடக்கிறவனைப் பற்றித்தான் பேச்சு. அவன் அதிகமாகச் சுமந்தால் அவனுக்கு மட்டும் கஷ்டமென்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அவன் சுமப்பது ஆற்றின் தலையில் விழுகிறது. அது எப்படி என்று சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பட்டணத்திலிருந்து ஒரு ஸ்நேகிதர் வந்திருந்தார். நல்ல மனிதர், கையெழுத்துக்கூட அழகாக இருக்கும். தாமிரபரணியில் தூண்டில் போட வேண்டுமென்று ஆசைப்பட்டார். சேரன்மாதேவிக்குக் கிழக்கே ஓர் இடத்துக்கு விடிகாலையில் அழைத்துப்போனேன். காரிலிருந்து இறங்கியதும் அவர் ஒரு சட்டையை எடுத்து மாட்டினார். கை இல்லாத சட்டை. அதில் வெளியே பத்து ஜேபி, உள்ளே ஆறு ஜேபி. இதைத் தவிர இடுப்பில் ஒரு பை, தோளில் ஒரு பை. பைக்குள் பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டிக்குள் அறைகள், அறைக்குள் முட்கள், ஈயக் குண்டுகள், தக்கைகள், சுழல் வளையங்கள், ரப்பரில் செய்த தவளைகள். எதிர்க்கரைக்குக் குடிபெயர்ந்து போகிற குடும்பத்தைப் போல் நின்றார்.

எட்டு மணிக்கு வெயில் ஏறியது. ஒன்பது மணிக்குச் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தார். பிறகு மேற்கே நடந்தோம். இரண்டு பர்லாங் போன பிறகு ஒரு சிறு முள் தேவைப்பட்டது. அது சட்டையில் இருந்தது. திரும்பி நடந்தார். எந்த ஜேபி என்று நினைவில்லை. பதினாறையும் துழாவி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது கெண்டைக் கூட்டம் கலைந்துபோயிருந்தது. அப்போது கீழே தண்ணீரில் நின்றுகொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "என்ன தம்பி, தூண்டி போட வந்தீரா, கடை போட வந்தீரா?"

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை என்னிடமே அவர் பல வருஷங்களுக்கு முன் கேட்டிருக்கிறார்.

அந்தச் சட்டையை முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. அது பிறந்த இடத்தில் அதற்கு நியாயம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லீ வுல்ஃப் என்ற மீன்பிடி நிபுணர் ஒரு சட்டையில் ஜேபிகளைத் தைத்துக்கொண்டதிலிருந்து அது பரவியதாகச் சொல்லுவார்கள். அங்கே குளிர்ந்த ஓடையில், மார்பளவு ரப்பர்க் கால்சட்டை போட்டுக்கொண்டு, நடுநீரில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். சாமானைக் கீழே வைக்க இடமில்லை. வைத்தால் தண்ணீர் கொண்டுபோய்விடும். எல்லாம் மார்புக்கு மேலே, நனையாமல், கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். தவிர, இறகும் மயிரும் கட்டிச் செய்த பொய் ஈக்களைத்தான் அங்கே இரையாகக் கட்டுகிறார்கள். எந்த வேளையில் எந்தப் பூச்சி தண்ணீர்மேல் பறக்கிறதோ அதைப் போன்ற ஈ வேண்டும். ஆகவே பெட்டிகள் வேண்டும். பெட்டிகளுக்கு ஜேபிகள் வேண்டும். குளிருக்கு ஒரு சட்டை அதிகமானாலும் சுகம்தான்.

நம் ஆற்றில் இதில் எது பொருந்துகிறது? கரை பத்தடியில் இருக்கிறது. கெண்டைக்கு மண்புழு அல்லது மாவு உருண்டை, கெளுத்திக்கும் மண்புழு. வெயிலோ தீயாய்க் கொளுத்துகிறது. இன்னொரு ஆற்றின் கேள்விக்கு எழுதிய விடையை நம் ஆற்றின் விடைத்தாளில் காப்பியடித்தால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

சுமையினால் ஆபத்தும் உண்டு. தாமிரபரணியின் பாறைகளில் பாசி வழுக்கும். ஒரு தோளில் பை தொங்கினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். வயிற்றுக்கு முன்னால் பெட்டி தொங்கினால் கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு ஏறும். அந்த நேரத்தில் ஓடிக் கரையேற இரண்டு கையும் வேண்டும். நனைந்த துணிப்பை கழுத்தில் மாட்டிக்கொண்டு கயத்தில் விழுந்தவனுக்கு அந்தப் பைதான் கல். எதைத் தோளில் போட்டாலும் ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். இதைச் சொல்லித்தராத கடைக்காரர் பை விற்கக் கூடாது என்பேன்.

இனி அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய சாமான்களை நான் எண்ணியிருக்கிறேன். மூன்று முட்கள், ஒரு தக்கைத் துண்டில் குத்தி வேட்டி மடியில் செருகியிருக்கும். தங்கூசி நரம்பு, மூங்கில் சிலாம்பில் சுற்றியிருக்கும். கொட்டாங்கச்சியில் ஈர மண்ணும் புழுவும். மேலே ஒரு துண்டு வாழையிலை. மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு. பிடித்த மீனைக் கோக்க ஒரு பனை ஈர்க்கு. அவ்வளவுதான்.

ஒருநாள் அவருடைய முள் மருதமர வேரில் மாட்டிக்கொண்டது. நானாக இருந்தால் நரம்பை அறுத்துக்கொண்டு வேறு முள் கட்டியிருப்பேன். அவர் வேட்டியைக் களைந்து கரையில் வைத்துவிட்டுக் கோவணத்தோடு இறங்கினார். வேரைத் தடவிக்கொண்டு ஐந்து நிமிஷம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். முள்ளோடு வந்தார். நான் சிரித்தேன்.

"அண்ணாச்சி, ஒரு முள் என்ன விலை இருக்கும்? இதுக்குப்போய் இந்த வயசுல..."

"வெல கெடக்கட்டும் தம்பி. தண்ணி வத்துனதும் அதுல கால வைக்கப்போறது யாரு? எருமையா, ஒம்ம மவளா?"

எனக்கு அன்று அது வேதாந்தமாகத்தான் பட்டது. அப்போது என்னிடம் மூன்று தட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. புதுசு. அதில் முட்கள் அறுபதுக்குக் குறையாமல் இருக்கும். மிதப்புகள் ஒரு டஜன். அந்த மிதப்புகளின் நுனிக்கு என் மகள் சிவப்பு நகப்பூச்சுப் பூசிக்கொடுத்திருந்தாள், தண்ணீரில் நன்றாகத் தெரியுமென்று.

அந்த வருஷம் ஐப்பசிக்கு முன்னால் ஒரு நாள் வீசிய தூண்டில் கரைமரக் கிளையில் போய்ச் சுற்றிக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். கிளையை வளைத்து எடுக்கலாம். ஆனால் அதற்குப் பையைக் கழற்ற வேண்டும், பெட்டியை மூட வேண்டும், செருப்பை விட்டு மரத்தில் ஒரு கால் வைக்க வேண்டும். பெட்டியில் இன்னும் பதினோரு மிதப்பு இருக்கிறது. கத்தியால் நரம்பை அறுத்தேன். நாலு முழம் கிளையிலேயே தொங்கிற்று. அடுத்ததைக் கட்டினேன். அன்று மீன் நன்றாக விழுந்ததாக ஞாபகம்.

மூன்று வாரம் கழித்து அதே இடத்துக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். மரத்தில் ஒரு நீர்க்காகம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செத்து நாலைந்து நாள் ஆகியிருக்க வேண்டும். ஒரு சிறகு விரிந்தபடி இருந்தது. காலிலும் சிறகிலும் நரம்பு சுற்றியிருந்தது. மாடு மேய்க்கிற பையன் ஒருவன் ஏறி அறுத்துக் கீழே போட்டான். நரம்போடு ஒரு மயிலிறகுத் தண்டும் விழுந்தது. அதன் நுனியில் சிவப்புப் பூச்சு.

என் மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நான் கதை எழுதுகிறவன்தானே. கேட்காததினால் இன்று வரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதிலிருந்து நான் கண்டுகொண்ட விஷயம் ஒன்றுதான். அன்று என் கையை அறுக்கச் சொன்னது என் கெட்ட குணமல்ல; பெட்டியிலிருந்த பதினோரு மிதப்பு. அதிகமாக வைத்திருப்பவன் சுலபமாக எறிகிறான். மூன்று முள் வைத்திருப்பவன் ஒரு முள்ளுக்காகக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்குகிறான். பதினாறு ஜேபியும் ஆற்றங்கரைக் குப்பையும் இரண்டு விஷயங்களல்ல. ஒன்றுக்கு மற்றொன்று தகப்பன்.

நைலான் நரம்பு பருத்தி நூல் அல்ல. மண்ணில் மக்காது. பல நூறு வருஷங்கள் கிடக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அறுத்துப் போட்டவனுடைய பேரனுக்குப் பேரன் காலிலும் அது சுற்றும். அமெரிக்காவில் பிளோரிடா மாநிலத்தில் மீன்பிடி மேடைகளில் பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டித் தொங்கவிட்டு, பழைய நரம்பை அதில்தான் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சட்டையைக் காப்பியடித்த நம்மவர்கள் இந்தக் குழாயைக் காப்பியடித்ததாகக் காணோம்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளந்த ஈயக் குண்டை நரம்பில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்குகிறவர்களை ஒவ்வொரு ஆற்றங்கரையிலும் பார்க்கலாம். சிறு பையன்களும் கடிக்கிறார்கள். அதே கையால் கட்டுச்சோற்றையும் பிசைகிறார்கள். ஈயம் விஷம், அதிலும் குழந்தைகளுக்குக் கொடிய விஷம். இங்கிலாந்தில் ஆற்று அன்னங்கள் தீனியை அரைப்பதற்காகச் சிறு கல் விழுங்கும்போது தூண்டில்காரர்கள் சிந்திய ஈயக் குண்டுகளையும் விழுங்கிச் செத்தன. அதற்காக 1987-ல் பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையையே அங்கே தடை செய்தார்கள். நம் ஊர் வாத்தும் கல் விழுங்குகிற ஜாதிதான். சைக்கிள் கடையில் பழைய இரும்பு நட்டு சும்மாவே கொடுப்பார்கள். கட்டித் தொங்கவிட்டால் மீன் அதைக் குறை சொல்லப்போவதில்லை.

சரி, குறை சொன்னது போதும். உன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தொண்டை மிட்டாய் வந்த தகர டப்பா ஒன்று. அடியில் ரப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு ஒட்டியிருக்கிறது. அதில் ஆறு முட்கள், மூன்று அளவில். கூர் முழுவதும் ரப்பருக்குள் இருக்க வேண்டும். முனை உரசினால் மழுங்கும். எல்லாம் சாதாரண இரும்பு முட்கள். துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். எப்படியாவது தண்ணீரில் தொலைந்தால் இரும்பு துருத்து அழியும், எஃகு காத்துக்கொண்டிருக்கும். நாலைந்து அரிசி மணிகள் டப்பாவில் கிடக்கும், ஈரம் இழுப்பதற்கு.

நனைந்த முள்ளை மட்டும் டப்பாவுக்குள் திரும்ப வைக்கக் கூடாது. ஒரு நனைந்த முள் மற்ற ஐந்தையும் துருவாக்கிவிடும். அதற்கென்று தனியாக ஒரு தக்கைத் துண்டு இருக்கிறது. வீட்டுக்கு வந்து துடைத்துக் காய்ந்த பிறகுதான் முள் டப்பாவுக்குத் திரும்பும். முள்ளைத் துண்டிலோ சட்டைக் காலரிலோ குத்திக்கொண்டு வருகிற வீரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தத் துணியை நீங்கள் துவைப்பதில்லை. துவைக்கிறவள் கையில் ஏறிய முள்ளை, அதன் எதிர்க்கொக்கியோடு வெளியே எடுப்பது எப்படியிருக்கும் என்று ஒரு வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள். அந்த எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவது இன்னும் நல்லது. நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. குஞ்சு மீனைக் காயமில்லாமல் திருப்பிவிடவும் முடியும்.

நரம்பு மூங்கில் சிலாம்பில். ரொம்பச் சிறிய உருளையில் இறுக்கிச் சுற்றினால் சுருள் சுருளாகவே வரும். வெயிலில் போட்டுவைத்தால் வலுவிழக்கும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ள வேண்டும்; உலர்ந்து உரசினால் சூடேறி அந்த இடத்திலேயே அறும். முள்ளோடு கட்டுகிற கடைசி ஒரு சாண் நரம்பு மற்றதைவிட மெலிசாக இருக்கட்டும். பாறையடியில் மாட்டி இழுத்தால் அந்த ஒரு சாண் மட்டும் போகும். நாலு முழம் போகாது.

கடைசியாக டப்பாவின் மூடியில் ரப்பர் வளையத்தோடு ஒரு சிறு பொட்டலக் காகிதம். அறுந்த நரம்பு, நறுக்கிய நுனி எல்லாம் அதற்குள். என் சாமான்களில் மிக முக்கியமானது இந்தக் காகிதம்தான். எந்தச் சட்டையிலும் இதற்கென்று ஒரு ஜேபி தைத்து நான் பார்க்கவில்லை.

ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

முதல் ஆட்சேபம்: "நீர் ஏழ்மையைப் புகழ்கிறீர். அந்தக் கிழவரிடம் பணம் இருந்தால் அவரும் பெட்டி வாங்குவார்." நியாயமான கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும்கூட. வாங்குவார் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய பேரன் வாங்கித்தான் இருக்கிறான். கடையில் மலிவாகக் கிடைக்கிற நரம்பை மூட்டையாக வாங்கி முழம் முழமாக அறுத்துப் போடுகிறான். ஆகவே ஏழ்மையில் புண்ணியம் எதுவும் இல்லை. புண்ணியம் எண்ணிக்கையில் இருக்கிறது. பணக்காரனும் எண்ணலாம். போகும்போது ஆறு முள் என்றால் வரும்போது ஆறு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். அறுபது முள்ளை ஒருவனும் எண்ணமாட்டான். ஆறு முள்ளை எண்ணாமல் இருக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம்: "ஒரு முள்ளுக்காக உயிரை விடச் சொல்கிறீரா?" இல்லை. ஓட்டம் இருக்கிற கயத்தில் இறங்காதீர்கள். அதற்காகத்தான் அந்த ஒரு சாண் மெல்லிய நரம்பு. ஆனால் உள்ளதைச் சொல்லுங்கள்: நீங்கள் அறுத்துவிட்டு வந்தவற்றில் எத்தனை கயத்தில் மாட்டியவை, எத்தனை கைக்கெட்டும் புதரில் மாட்டியவை?

மூன்றாவது ஆட்சேபம்தான் எல்லோரும் கையில் வைத்திருக்கிற பெரிய கோடாலி: "ஆற்றில் ஊர்ச்சாக்கடை கலக்கிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி மூட்டை மூட்டையாகத் துணியை விடுகிறார்கள். இவர் ஒரு முழம் நரம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்." ஐயா, பாபநாசத்தில் வேட்டியை விட்டவரைக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். "இவ்வளவு பெரிய ஆற்றில் என் ஒரு வேட்டியா கெடுத்துவிடும்?" என்றார். உங்கள் வாதம்தான் அது; ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அந்தத் துணி மூட்டைகள் அத்தனையும் ஒவ்வொரு வேட்டியாகச் சேர்ந்தவைதான். சாக்கடைக்காக நாம் மனுப்போட வேண்டும், போடுவோம். அந்த மனுவில் கையெழுத்துப் போடுகிற கையில் அறுத்துப்போட்ட நரம்பு இருக்கக் கூடாது.

அதே பாபநாசத்தில் கோயில் படித்துறை மீன்களை ஒருவரும் பிடிப்பதில்லை. பொரி வாங்கிப் போடுகிறார்கள். அதற்கு மேலே மலையில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988-ல் ஏற்பட்டது. அங்கேயும் தூண்டில் கூடாது. கொஞ்சம் இடமாவது மீனுக்கென்று விட்டுவைத்திருக்கிற ஆறு இது. மிச்ச இடத்தில் நாம் விருந்தாளிகள். விருந்துக்குப் போன வீட்டில் முள்ளைக் கூடத்தில் போட்டுவிட்டு வருகிறோமா?

நான்காவதாகச் சைவ வாசகர்கள் சிலர், "மீனைக் கொல்லுகிறவன் நீர்க்காகத்துக்காக அழலாமா?" என்று எழுதுவார்கள். எழுதட்டும். பிடித்த மீனை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து தின்கிறேன். அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தப் பறவையை நான் பிடிக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. கணக்கில் வராத சாவு அது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்று தட்டுப் பெட்டி இப்போதும் வீட்டில் இருக்கிறது. மகள் அதில் ஊசி, நூல், பித்தான் வைத்திருக்கிறாள். அதற்கு அது வெகு பொருத்தம். நான் போன ஞாயிற்றுக்கிழமை சுத்தமல்லி அணைக்கட்டுக்கு மேலே போய்வந்தேன். போகும்போது ஆறு முள். வரும்போது ஐந்து. ஆறாவது நடு ஆற்றுப் பாறையின் கீழே, ஒரு சாண் நரம்போடு கிடக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது போய்ப் பார்க்க வேண்டுமென்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.